அம்மியில் ஏறிய ரேடியோ

முருகையாவுக்குக் காது ஒரே நாளில் போய்விடவில்லை. ரப்பர் ஆலையின் உருளை மெஷின் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதலில் கொசு பாடுவது கேட்காமல் போனது. நல்லதுதான் என்றார். பிறகு குருவிகள் போயின. அதற்குப் பிறகு லயத்துப் பொம்பளைகளின் பேச்சு போனது. அதுவும் நல்லதுதான் என்றார். தங்கச்சி மங்கம்மா பேசுவது மட்டும் கடைசிவரை கேட்டது. அதில் காதுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. பெருமையெல்லாம் மங்கம்மாவின் தொண்டைக்குத்தான்.

ரெம்பாவ் டவுனுக்குப் போகிற சாலையில் இருந்த அந்தத் தோட்டத்துக்குப் பலகையில் ஏதோ வெள்ளைக்காரன் பேர் எழுதியிருந்தது. சனங்களுக்கு அது மூங்கில் தோட்டம். அங்கே வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். வீடு அண்ணனுடையது. வாய் தங்கச்சியுடையது. அப்படித்தான் ஊர் சொல்லும்.

மங்கம்மா அந்த வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். கிழட்டு ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்க்கும்போது ஒரு மரம் அவள் புருஷன் அர்ச்சுனன் மேல் சாய்ந்தது. அவன் போனபோது மகள் இந்திராணி இடுப்பில் இருந்த பிள்ளை. கருமாதி முடிந்த கையோடு புருஷன் வீட்டார், "இவ கால் வெச்ச ராசி" என்று ஆரம்பித்துவிட்டார்கள். ராசி பேசுகிறவன் வீட்டில் சோறு வெந்தாலும் அது தொண்டையில் இறங்காது. ஒரு நாள் மத்தியானம் முருகையா சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். உள்ளே கூட வரவில்லை.

"கெளம்பு தங்கச்சி."

"எங்க?"

"சோறு எறங்கற எடத்துக்கு."

அவ்வளவுதான் பேச்சு. மூட்டையைப் பின்னால் கட்டினார், பிள்ளையை முன்னால் உட்கார வைத்தார், மங்கம்மா பக்கத்தில் நடந்தாள். வழியெல்லாம் அவள் அழவில்லை, புருஷன் வீட்டாரைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அப்போது முருகையாவுக்கு ராசா என்கிற ஊரில் ஒரு பெண் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, "ஒங்க தங்கச்சி எத்தன நாளைக்கு இங்க இருக்கும்?" என்று கேட்டார்.

"அது வீட்ல அது இருக்கு. ஒங்க பொண்ணு வரலாமா வேணாமான்னு நீங்க யோசிங்க."

அவர்கள் யோசித்தார்கள், வரவில்லை. அதற்குப் பிறகு முருகையா வேறு பெண் பார்க்கவும் இல்லை. மங்கம்மா அடிக்கடி அதைச் சொல்லித் திட்டுவாள். "கல்யாணம் கட்டாம கெடந்து என் தலையில பழி போடாத" என்பாள். "ஒரு வாய்க்கே இந்த வீட்டுக் கூரை ஆடுது, ரெண்டு வாய் எங்க தாங்கும்" என்பார் அவர்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த மனுஷன், சம்பளம் கொஞ்சம் கூட என்று ஆலைக்குள் போனார். உறைந்த பாலை உருளைக்கு இடையில் விட்டுத் தகடாக நசுக்குகிற வேலை. மெஷின் ஓடினால் தரையே கடகடவென்று நடுங்கும். காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தார்கள். அதைக் காதில் வைத்தவன் ஒருவனும் இல்லை, விளக்குத் திரிக்குத்தான் ஆனது. இந்திராணி படிக்க வேண்டும் என்று அவர் மற்றவன் முறையையும் சேர்த்துச் செய்தார். பிள்ளை வகுப்பு ஏற ஏற அவர் காது இறங்கியது. இது மங்கம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நல்ல வார்த்தை அவரிடம் சொன்னதில்லை. அவளுக்கு அந்த மாதிரி வார்த்தை வராது. வாயைத் திறந்தால் திட்டுத்தான் முதலில் நிற்கும்.

இந்திராணி படித்து மந்தினில் தமிழ்ப் பள்ளிக்கூட டீச்சர் ஆனாள். மாமனிடம் பேசும்போது முகத்துக்கு நேரே நின்று கத்துவாள். அவரும் பாதி உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். வளர்ந்த பிள்ளையின் உண்மையான குரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கத்துகிற குரல் யாருக்கும் ஒன்றுதான்.

எண்பத்தேழாம் வருசம் என்று நினைவு. இந்திராணிக்கு ரேடியோவில் ஒரு வாய்ப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற அம்மா பிரசவத்துக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வருகிறவரை இவள் சொல்ல வேண்டும். சேதி சொல்ல வந்த பிள்ளை சும்மா வரவில்லை. ராசாவில் ஒரு கடையில் புது ரேடியோ வாங்கி, தகப்பன் ஸ்தானத்து மாமன் மடியில் வைத்தாள். நடுவில் ரேடியோவும் கேசட்டும், இரண்டு பக்கமும் தனியாகக் கழற்றி வைக்கிற ஸ்பீக்கர்.

"மாமா, நீங்க கேக்கணும்," என்று கத்தினாள். "நான் அங்க கத்த மாட்டேன். சாதாரணமா பேசுவேன். நீங்க சத்தத்தக் கூட வெச்சிக் கேளுங்க."

முருகையா ஸ்பீக்கரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார், வெள்ளாட்டுக் குட்டியைத் தடவுகிற மாதிரி.

புதுச் சாமான் வந்தால் என்ன செய்ய வேண்டுமோ அதை மங்கம்மா செய்தாள். சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள், எலுமிச்சம்பழம் சுற்றினாள். வீட்டிலேயே உசந்த இடம் கண்ணாடி அலமாரியின் தலை. அங்கே நடுவில் சாமி படம், அதன் காலடியில் ரேடியோ. சாமிக்கு வலப்பக்கம் ஒரு ஸ்பீக்கர், இடப்பக்கம் ஒரு ஸ்பீக்கர், துவாரபாலகர் மாதிரி. கீழே பூ வேலை செய்த துணி. ஸ்பீக்கர் தலையில் பிளாஸ்டிக் பூச்சாடி. அலமாரிக்குள்ளே எவர்சில்வர் தம்ளர்களும் பீங்கான் தட்டுகளும். பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பஞ்சாலை, "கோயில் மாதிரி இருக்குக்கா" என்றாள்.

கோயில் மாதிரிதான் இருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை சத்தமும் அப்படித்தான் வந்தது, மணியும் மேளமும் சேர்ந்து அடிக்கிற மாதிரி. இந்திராணி வாயைத் திறந்ததும் அலமாரி உறுமியது, தம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டின, கண்ணாடிக் கதவு கிடுகிடுவென்று நடுங்கியது. நல்ல காது உள்ள மங்கம்மாவுக்கே மகள் நரியைச் சொல்கிறாளா நாயைச் சொல்கிறாளா என்று தெரியவில்லை. முருகையா நாற்காலியை இழுத்துப் போட்டு, அலமாரியை அண்ணாந்து பார்த்தபடி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

கதை முடிந்தது. அதற்குப் பிறகு ஓர் ஆம்பளை வந்து எங்கெங்கே மழை பெய்யும் என்று வாசித்தான். முருகையா அப்போதும் தலையை ஆட்டினார்.

"புள்ள என்னமா பேசுது பாரு" என்றார்.

மங்கம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மனுஷன் பொய் சொல்லத் தெரியாதவர். பிள்ளை வாங்கித் தந்ததே என்று இன்றைக்கு ஒரு பொய் சொல்லிவிட்டார். அவள் அடுப்படிக்குப் போய் வேண்டுமென்றே ஒரு சட்டியைக் கீழே போட்டாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சத்தத்தை ஏற்றினாள். சத்தம் ஏறினால் குரல் மட்டுமா ஏறும்? அலமாரியின் உறுமலும் சேர்ந்து ஏறியது. லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். அந்தப் பக்கத்திலிருந்து பஞ்சாலை தட்டினாள்.

"ஏங்கா, என் ஊட்டு மங்கு, தட்டு எல்லாம் ரோங்கேங் டான்ஸ் ஆடுதுக்கா. கொஞ்சம் கொறைங்கலா."

"ஒம் மங்கு ஆடுனா நீ தாளம் போடு. எம் மவ ரேடியோவுல பேசறா."

"பேசறது யாரு? நான் யாரோ ரைஸ் மில்ல ஓட்டறாங்கன்னு நெனச்சேன்."

மங்கம்மாவுக்குச் சுருக்கென்றது. சொன்னது பொய்யாக இருந்தால் திருப்பி நாலு கொடுத்திருப்பாள். உண்மைக்கு என்ன கொடுப்பது?

தம்ளர்களை எல்லாம் எடுத்து அரிசி டின்னில் போட்டாள். பூச்சாடியை இறக்கினாள். கண்ணாடிக் கதவு இடுக்கில் கிழிசல் துணி செருகினாள். கிணிகிணி நின்றது, உறுமல் நிற்கவில்லை. ரேடியோ பாடும்போது அலமாரியின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். ஒட்டுப் பலகையால் செய்த சாமான், உள்ளே வெறும் காற்று. ஓடி வந்த ஆட்டின் வயிறு மாதிரி துடித்தது. அப்போதும் அவளுக்குத் துடிக்கிறது தெரிந்ததே தவிர, என்ன செய்வது என்று தெரியவில்லை.

இப்படியே ஞாயிறுகள் சில போயின. ஒரு நாள் இந்திராணி வந்தபோது, கதை சொல்கிற அம்மா வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வேலைக்குத் திரும்புகிறார் என்றாள். இவளுக்கு மிச்சம் அந்த ஒரு ஞாயிறுதான். "மாமாவுக்குக் கேக்குதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒங்க மாமன் கேக்குதுன்னுதான் சொல்வாரு. நீ வெறும் பொட்டியக் கொண்டாந்து குடுத்திருந்தாலும் அப்பிடித்தான் சொல்வாரு."

பிள்ளையின் முகம் சுருங்கியது. மங்கம்மா பொய் சொல்ல மாட்டாள், மகளுக்காகவும் மாட்டாள். ஆனால் அன்றைக்கு மகள் பஸ் ஏறிப் போன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு வந்து, மிளகாய் அரைக்க அம்மியில் உட்கார்ந்தாள். அம்மிக்குக் கீழே எப்போதும் ஒரு கோணிச் சாக்கை மடித்துப் போட்டிருப்பாள். அன்றைக்கு அது துவைத்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. வெறும் சிமிந்தித் தரையில் அம்மி டொக்டொக்கென்று இடித்தது. பலகைச் சுவரை யாரோ தட்டினார்கள்.

"ஏங்கா, சாக்கு போடலியா? மங்கு ஆடுதுக்கா."

அரைத்துக்கொண்டிருந்த மங்கம்மாவின் கை அப்படியே நின்றது. அதே பொம்பளை, அதே சுவர், அதே மங்கு. அம்மி ஆடினால் சாக்கு போடத் தெரிகிறது. ரேடியோ ஆடினால் மட்டும் பூ வேலை செய்த துணியும் பூச்சாடியுமா? சாமான் உசந்தது என்று உசரத்தில் தூக்கி வைத்தது அவளுடைய மடத்தனம். ஆடுகிற சாமானுக்கு மரியாதை எதற்கு? கனமான இருக்கைதான் வேண்டும், அதற்குக் கீழே மெத்தை வேண்டும்.

காய்ந்தும் காயாத சாக்கைக் கொண்டுவந்து மடித்துப் போட்டாள். மிளகாயை வழித்துவிட்டு அம்மியைக் கழுவித் துடைத்து சாக்கின் மேல் வைத்தாள். ஒரு ஸ்பீக்கரை இறக்கி அதன் மேல் வைத்தாள். ரேடியோவைப் போட்டாள். கல்லைத் தொட்டுப் பார்த்தாள், கல் செத்த மாதிரி கிடந்தது. கல்லின் மேல் இருந்த ஸ்பீக்கரிலிருந்து பாட்டுக்காரியின் மூச்சு கூடக் கேட்டது. சாமிக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இன்னொன்று மட்டும் அலமாரியோடு சேர்ந்து உறுமிக்கொண்டிருந்தது.

அப்படியும் அம்மியின் மேல் இருந்த ஸ்பீக்கர் சத்தம் கூட்டினால் கல்லின் மேலேயே நகர்ந்தது. கல்லுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஏதாவது ரப்பர் வேண்டும். தோட்டத்தில் ரப்பருக்கா பஞ்சம்? ஆனால் ஆலைத் தகட்டில் ஒரு துண்டு எடுத்தாலும் திருட்டு. மரத்தில் காய்ந்து ஒட்டிக் கிடக்கிற ஒட்டுப்பாலை வீட்டுக்குள் வைத்தால் செத்த எலி நாற்றம். மங்கம்மாவின் கண் வாசலில் கிடந்த ரப்பர் செருப்பில், ஜப்பான் சிலிப்பரில் நின்றது. அடுத்த நிமிசம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சந்தனம் குங்குமம் வைத்த சாமானுக்குக் கீழே செருப்பை வைப்பதா? அதுவும் அம்மியின் மேல்?

ஆலையிலிருந்து வந்த முருகையா, அம்மியில் உட்கார்ந்திருந்த ஸ்பீக்கரையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னிக்கு என்ன சட்னி?"

அவள் கையைக் காட்டியும் கத்தியும் விஷயத்தைச் சொன்னாள். செருப்பு என்று வந்ததும் குரலைத் தாழ்த்தினாள், சாமிக்குக் கேட்கக் கூடாது என்று. அது அவருக்கும் கேட்கவில்லை. சிலிப்பரைக் கையில் எடுத்துக் காட்டினாள்.

முருகையா சிரித்தார். "கல்யாணத்துல பொண்ணு அம்மி மேல காலையே வெக்கிது. செருப்பு வெச்சா என்ன கொறஞ்சி போவுது?"

"கால் வேற, செருப்பு வேற. ஒனக்குத்தான் கல்யாணமே ஆகலியே, ஒனக்கு என்னா தெரியும்."

ஆனாலும் யோசித்தாள். சனிக்கிழமை ரெம்பாவ் பாசாருக்குப் போய்ப் புது சிலிப்பர் ஒரு ஜோடி வாங்கினாள். காலில் போட்டுப் பார்க்கிறீர்களா என்று கடைக்காரச் சீனன் மலாயில் கேட்டதற்கு, காலில் படக் கூடாது என்று துணிப்பையில் பிடித்து வாங்கினாள். சீனன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். வீட்டுக்கு வந்து வாரை உருவிவிட்டு, அரிவாள்மணையில் அடியைத் துண்டு துண்டாக நறுக்கினாள். நடக்காத செருப்பு செருப்பில்லை, வெறும் ரப்பர்தான். அதுவும் யார் கண்டது, இவள் வெட்டிய பாலாகக்கூட இருக்கலாம். சாமியைப் பார்த்து இந்த நியாயத்தை ஒரு தரம் சொல்லிவிட்டு, நறுக்கியதை ஸ்பீக்கரின் நாலு மூலைக்கும் கொடுத்தாள்.

இப்போது இன்னொரு அம்மி வேண்டும். இரண்டு ஸ்பீக்கருக்கு ஓர் அம்மி எங்கே போதும்? மங்கம்மா பஞ்சாலை வீட்டு வாசலில் போய் நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துப் பஞ்சாலை உலக்கையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஒன் அம்மியக் குடு. நாளக்கி ஒரு நாளக்கி."

"எதுக்குக்கா?"

"ரேடியோ வெக்க."

பஞ்சாலை உலக்கையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அக்கா, ஒங்களுக்கு என்னா ஆச்சி?"

மங்கம்மா சிரிக்கவில்லை. "புருஷன் செத்து நான் நின்னப்ப என்னைய வான்னு கூப்பிட்டது அந்த ஒரு மனுஷன்தான். எம் புள்ள படிக்கத்தான் அவரு காது போச்சி. நான் ஒரு நாளும் அவர்கிட்ட நல்ல வார்த்த சொன்னதில்ல. இப்ப மெல்லச் சொன்னா அவருக்குக் கேக்காது, நல்ல வார்த்தயக் கத்தியா சொல்றது? புள்ள கொரலயாச்சும் கேக்க வெச்சிடறேன். நாளக்கிதான் கடைசி. குடுப்பியா மாட்டியா?"

பஞ்சாலை தன் புருஷன் மணியத்தைக் கூப்பிட்டாள். லாரி ஓட்டுகிற மணியம் அம்மியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்து, அவள் காட்டிய இடத்தில், மடித்த சாக்கின் மேல் இறக்கினார். "மிளகா வாசனையோட கதை கேக்கப் போறாரு அண்ணன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டிலும் அரைக்க அம்மி இல்லை. இரண்டு வீட்டிலும் கருவாட்டைச் சுட்டுச் சோறு தின்றார்கள். மத்தியானம் ஆனதும் மங்கம்மா இரண்டு அம்மிக்கும் நடுவில் பாயை விரித்தாள்.

"படு."

"என்னா மங்கா, பொணத்தக் கெடத்துற மாதிரி."

"சாவ ஒனக்கு நேரம் இல்ல. படு."

முருகையா படுத்தார். அந்தக் காதுக்கு ஒன்று, இந்தக் காதுக்கு ஒன்று. சத்தத்தைப் பாதிக்கு மேல் ஏற்றினாள். அலமாரி பேசாமல் நின்றது. சுவரும் பேசவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பஞ்சாலையும் தட்டவில்லை. அவளும் மணியமும் இந்த வீட்டு வாசற்படியிலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

இந்திராணியின் குரல் வந்தது. கத்தாத குரல். ஆமையும் குளமும் பற்றிய ஒரு கதை. முருகையா இந்த முறை தலையை ஆட்டவில்லை. கூரையைப் பார்த்தபடி கிடந்தார், கை இரண்டும் மார்பின் மேல். மங்கம்மா கதையைக் கேட்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தத்துக்கு எப்போதும் இறுகிக் கிடக்கிற நெற்றி மெல்ல மெல்லத் தளர்ந்தது. பிறகு திடீரென்று சுருங்கியது.

"மங்கா."

"என்னா?"

"புள்ளைக்கு சளி புடிச்சிருக்கு."

"என்னாது?"

"மூக்கு அடைச்சிக்கிட்டு பேசுது. கேக்கலியா ஒனக்கு? 'ம' சொல்லும்போது 'ப' மாதிரி வருது பாரு. மழையில நனஞ்சிருக்கும். சுக்கு மொளகு தட்டி மணியத்துகிட்டக் குடுத்து அனுப்பு, நாளக்கி மந்தின் பக்கம் லாரி போவும்ல."

மங்கம்மா காதைக் கொடுத்துக் கேட்டாள். ஆமாம், பிள்ளைக்குச் சளி. பெற்றவளுக்குத் தெரியவில்லை. ஊரே செவிடன் என்று சொன்ன மனுஷனுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் எழுந்தாள். கண்ணில் என்னவோ விழுந்துவிட்டது என்று முந்தானையால் துடைத்தாள். மிளகாய் அரைத்த கை, அதனால்தான் எரிகிறது என்று யாரும் கேட்காமலேயே பஞ்சாலையிடம் சொன்னாள். அன்றைக்கு அந்த வீட்டில் யாருமே மிளகாய் அரைக்கவில்லை என்பது பஞ்சாலைக்குத் தெரியும்.

மிளகு இருந்தது, சுக்கு இருந்தது. அரைக்க அம்மி இல்லை, இரண்டும் ரேடியோ சுமந்துகொண்டிருந்தன. குழவி மட்டும் சும்மா மூலையில் கிடந்தது. மங்கம்மா மிளகையும் சுக்கையும் ஒரு துணியில் முடிந்து, வாசற்படியில் வைத்துக் குழவியால் ஓர் அடி அடித்தாள்.

அடி தரை வழியாகப் பாய்க்குப் போயிருக்க வேண்டும், உள்ளேயிருந்து முருகையாவின் குரல் வந்தது.

"மங்கா, மெல்ல. புள்ள இன்னும் பேசிக்கிட்டு இருக்கு."

மங்கம்மா அவர் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவள். மணியமும் பஞ்சாலையும் அவள் வாயைப் பார்த்தார்கள். அவள் குழவியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள், மிளகு முடிச்சைக் கையில் எடுத்தாள், கால் சத்தம் கேட்காமல் படி இறங்கி, லயத்தின் கோடியில் இருக்கிற தண்ணிப் பைப்படியின் துவைக்கிற கல்லைப் பார்த்து நடந்தாள்.